உன் மகனின் வயிற்றில் டொக்டர் போட்ட கோடு

ஆசை மச்சான் ஹனீபாவுக்கு,

ஸலாம். நீ உயிரோடு இருந்தபோது என் ஸலாமுக்குப் பாதிப் பதில்தான் வரும். மற்றப் பாதியைப் பீடிப் புகை விழுங்கிவிடும். இப்போது முழுப் பதிலும் சொல்வாய் என்று நம்புகிறேன். நீ மவுத்தான நாளிலிருந்து உனக்காக யாசீன் ஓதியிருக்கிறேன், துஆக் கேட்டிருக்கிறேன், கடிதம் எழுதியதில்லை. எழுதாமல் இருக்க முடியாத ஒரு விசயம் இப்போதுதான் நடந்திருக்கிறது.

முதலில் ஊர்ப் புதினம். சண்டை முடிந்து, நாங்கள் அகதியாகக் கிடந்த புத்தளத்தை விட்டுச் சொந்த ஊர் உப்புக்குளத்துக்கே திரும்பிவிட்டோம். உன் வீட்டில் சுவர்கள் நின்றன, கூரை இல்லை, நடு அறைக்குள் ஒரு உடைமரம் வளர்ந்து நின்றது. என் தங்கச்சி, அதுதான் உன் பொண்டாட்டி ஜெஸீமா, அதை வெட்ட விடவில்லை. "நாங்கள் இல்லாத நேரம் இதுதானே வீட்டைப் பார்த்தது" என்று அதற்குத் தண்ணீரும் ஊற்றினாள். கூரைக்குத் தகரம் வந்து சேர்ந்த அன்று அவளே கத்தியை எடுத்து வெட்டியும் போட்டாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

கடலும் திறந்தது. கடலில் இறங்க நேவி பாஸ் கொடுக்கத் தொடங்கியதும் கரையில் படகுகள் கூடின. உன் மகன் சப்ரி, காதர் சம்மாட்டியின் படகில் கடலட்டை எடுக்கப் போனான், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு. ஜெஸீமா அவனோடு பேச்சை நிறுத்திப் பார்த்தாள், சோறு போடாமலும் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. உன் பிடிவாதம் அப்படியே அவனிடம் இருக்கிறது, உன் மூக்கும்கூட.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலேயிருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சான், மனைவியின் சகோதரன். தங்கச்சி விதவையாகிவிடக் கூடாதே என்ற பயம் வேறு எவனுக்கும் அவ்வளவு இருக்காது என்பதால் வந்த பழக்கம். கீழே நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கயிற்றில் வரும் இழுவை ஒன்றுதான் எனக்குச் சேதி. இழுவை மெல்லியதாக வந்தால் சங்கு கிடைத்திருக்கிறது, சுண்டி வந்தால் தூக்கு, ஒன்றுமே வராவிட்டால் யோசிக்காமல் தூக்கு.

சிலிண்டர் வந்ததும் கயிறு தேவையில்லாமல் போயிற்று. கற்பிட்டிப் பக்கம் நீ சிலிண்டரோடு இறங்கி ஏறிய அந்த நாள், படகில் என் பக்கத்தில் குந்தியிருந்து, "இடுப்பைச் சுத்திக் கச்சையை இறுக்கின மாதிரி இருக்கு மச்சான்" என்றாய். பிறகு கால் மரத்தது. பிறகு மூத்திரம் போகவில்லை. வாதம் என்று சொல்லி எண்ணெய் போட்டார்கள். படுத்த நீ எழும்பவேயில்லை.

அதே வார்த்தையை உன் மகனின் வாயிலிருந்து கேட்டேன், மச்சான்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நான் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். சப்ரியை இரண்டு பேர் தோளில் தாங்கி இறக்கினார்கள். அவன் கால்கள் மணலில் இழுபட்டு வந்தன. என்னைக் கண்டதும், "மாமா, இடுப்பைச் சுத்தி ஆரோ கச்சை கட்டி இறுக்கிற மாதிரி இருக்கு" என்றான். அவனுக்கு அப்போது நீ சொன்னது தெரியாது. நீ சொன்ன நாளில் அவன் தொட்டிலில் கிடந்தான்.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதர் சம்மாட்டியும் கூடவே ஏறினார். வழியில் என் காதோரம் குனிந்து, "ஜவாஹிர், போட்டில வழுக்கி விழுந்திட்டான் எண்டுதான் சொல்ல வேணும். விளங்குதா?" என்றார். எனக்கு விளங்கியது. சிலிண்டர் கட்டி இறங்க எங்கள் கரைக்கு இருந்த அனுமதி முடிந்து, புதியது வரவில்லை. வந்துவிடும் என்ற துணிவில் எல்லோரும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விசயம் நேவிக்குப் போனால் சிலிண்டர் மட்டுமல்ல, முழுக் கரையின் பாஸும் போகலாம். இத்தனை வருடம் அகதியாக இருந்துவிட்டு இப்போதுதான் அடுப்பு மூட்டியிருக்கிறோம். காதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அன்று எங்கள் அதிர்ஷ்டம், வெளியூரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும் நரம்பு டொக்டரம்மாவின் கிளினிக் நாள். கிளினிக் முடிந்து போவதற்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே ஒரு பனிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. சின்ன உருவம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தா. சப்ரியைக் கட்டிலில் கிடத்தியதைக் கண்டதும் மீதிப் பனிஸைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்தா. அந்தப் பனிஸை அவ பிறகு சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அவ செய்ததை நான் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினா. பாதத்தின் அடியில் ஒரு பூட்டுத் திறப்பின் முனையால் மெல்லக் கீறினா. சப்ரியின் பெருவிரல் தன்பாட்டில் மேலே எழும்பியது. அவனுக்குக் கீறியதே தெரியாது. ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு அவன் பெருவிரல் எலும்பில் வைத்தா. "அதிருதா தம்பி?" "இல்லை." கணுக்காலில் வைத்தா, முழங்காலில் வைத்தா. பிறகு ஒரு ஊசியின் முனையால் தொடையிலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டு வந்தா. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் சப்ரி "ஆ!" என்றான். அந்த இடத்தில் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, அவன் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு நீலக் கோடு போட்டா.

யோசித்துப் பார், மச்சான். முதுகெலும்புக்குள் நடப்பதை யாரால் பார்க்க முடியும்? அவவும் பார்க்கவில்லை. மேலே இருந்துகொண்டு, வருகிற இழுவையை வைத்துக் கீழே எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறா. நான் உனக்குச் செய்த அதே வேலை. ஆனால் நான் பிடித்தது ஒரு கயிறு, அவ பிடித்தது எத்தனை கயிறு என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை.

"என்ன நடந்தது?" என்று கேட்டா.

"போட்டில வழுக்கி விழுந்திட்டான், டொக்டர்" என்றார் காதர்.

"விழுந்த பிறகு கால் மரத்ததோ, மரத்த பிறகு விழுந்தாரோ?"

காதர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, "விழுந்த பிறகுதான்" என்றார். டொக்டர் சப்ரியை ஆடாமல் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி, முதுகெலும்பு ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தா. ஒரு சிராய்ப்புக்கூட இல்லை, எங்கேயும் நோகவும் இல்லை. பொய் சொல்கிறீர்கள் என்று அவ சொல்லவில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சாதாரணமாகத்தான் பேசினா.

"விழுந்ததெண்டால் நான் இவரை அசைக்கக்கூடாது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி முதுகைப் படம் பிடிக்க வேணும். அதுக்கு முறை கிடைக்க நாளைக்கு ஆகும். வேற ஏதும் நடந்திருந்தால் நான் செய்யவேண்டியது வேற, அதுவும் இப்பவே செய்யவேணும். நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் நான் முடிவெடுக்கப் போறன். அதாலதான் திரும்பக் கேக்கிறன்."

காதர் என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். சப்ரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முழுக் கரையின் சோறும் அந்தப் பாஸில்தான் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். அவன் அடிவயிறு உப்பியிருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் புத்தளத்துக் கொட்டிலும் உன் பாயும் ஜெஸீமா பிடித்துக்கொண்டிருந்த விசிறியும் கண்ணில் வந்தன. கயிறு அசையாமல் கிடந்தால் யோசிக்காமல் தூக்கு என்று எனக்குச் சொன்னவன் நீதானே?

"டொக்டர், அவன் விழேல்லை" என்றேன். "சிலிண்டர் கட்டி இறங்கினவன். காலையில இருந்து திரும்பத் திரும்ப இறங்கினவன். மேல வந்தாப்பிறகுதான் இடுப்பு இறுகினது, பிறகுதான் கால் போனது. இவன்ட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் வந்தது. காலையில இருந்து இவனுக்கு மூத்திரமும் போகேல்லை."

காதர் என் கையை விட்டுவிட்டார். டொக்டர் என் பக்கம் முழுவதுமாகத் திரும்பினா.

"கால் மரத்ததும் நீங்கள் இவரைத் திரும்பக் கடலுக்க இறக்கினீங்களோ?"

அது எங்கள் ஆட்களின் வழக்கம், மச்சான், உனக்குத் தெரியும். மேலே வந்து கை கால் நொந்தால் இன்னொரு சிலிண்டரைக் கட்டித் திரும்ப இறக்குவது. அது இவவுக்கு எப்படித் தெரிந்தது? சப்ரியே பதில் சொன்னான். "இறக்கினவை, டொக்டர். கீழ போனதும் கால் வந்திட்டுது. நான் ஆட்டிக்கூடப் பாத்தனான். மேல ஏத்தினதும் முந்தியையும் விட மோசமாப் போச்சு."

"இனி ஒருத்தரையும் அப்பிடி இறக்காதைங்கோ, அது ஆளைக் கொல்லும்" என்றா டொக்டர். பிறகு, "ஆனால் இப்ப சொன்னீங்களே, முடிவெடுக்க எனக்கு அது காணும்" என்றா.

மேலே ஏறும்போது உடம்புக்குள் காற்றுக் குமிழிகள் பிறந்து முதுகு நரம்பை அடைத்துவிட்டன, கீழே போனபோது அவை சுருங்கியதால்தான் கால் வந்தது என்று இரண்டே வரியில் எங்களுக்கு விளக்கினா. திரும்ப அழுத்தம் கொடுத்துக் குமிழியைக் கரைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறதாம், ஆள் உள்ளே படுக்கலாமாம். அது யாரிடம் இருக்கிறது என்று கேள். நேவியிடம்.

காதர் தலையில் கை வைத்துக்கொண்டு வாங்கிலில் இருந்துவிட்டார். அப்போதும் ஒரு கடைசி முயற்சியாக, "டொக்டர், முதல்ல ஒரு ஸ்கான் எடுத்துப் பாத்தால் என்ன?" என்றார். அங்கே நின்ற இளம் டொக்டரும், எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அனுப்பலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

அவ சொன்னதை நான் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். "படத்தில குமிழியின்ர அடையாளம் தெரிஞ்சாலும் பெட்டிக்குத்தான் அனுப்புவன். ஒண்டும் தெரியாட்டிலும் பெட்டிக்குத்தான் அனுப்புவன். என்ன வந்தாலும் நான் செய்யிறது மாறாதெண்டால், அந்தப் படத்துக்காக ஏன் ஒரு நாளை விடவேணும்?"

"அப்ப உங்களுக்கு நிச்சயமோ, டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"நிச்சயம் இல்லை" என்றா. அப்படியே சொன்னா, மச்சான், முகம் மாறாமல். "வேற வருத்தமாயும் இருக்கலாம். பெட்டிக்கு அனுப்பினது பிழையெண்டால் ஒரு நாள் வீணாகும், தம்பி களைச்சுப் போவார். அனுப்பாமல் விட்டது பிழையெண்டால் ரெண்டு காலும் போகும். எந்தப் பிழையைத் தாங்கலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

ஸ்கான் வேண்டாம் என்றவ, நெஞ்சை மட்டும் சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா. எனக்குக் குழம்பிவிட்டது. கால் மரத்தவனுக்கு நெஞ்சில் ஏன் படம்? நுரையீரல் வெடித்திருந்தால் அந்தப் பெட்டி ஆளையே கொன்றுவிடுமாம். அது இருந்தால் முடிவு மாறும், அதனால் அது வேண்டும். பெரிய படத்தைத் தள்ளிவிட்டுச் சின்னப் படத்தைக் கேட்கிற அந்தப் புத்தியை நினைத்து இப்போதும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. உடம்பைப் பற்றித் தெரிந்திருப்பது படிப்பு, சரி. எதைத் தெரியாமலே விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதற்கு என்ன பெயர்?

எக்ஸ்ரே நல்லபடி வந்தது. மூத்திரத்துக்குக் குழாய் போட்டார்கள், மூக்கில் ஒட்சிசன், கையில் சேலைன். அவ நேவி முகாமுக்குத் தானே போன் எடுத்துச் சிங்களத்தில் பேசினா. அம்புலன்ஸில் ஏறுமுன் ஊசியை என் கையில் தந்து, நீலக் கோட்டைக் காட்டினா. "வழியில இடைக்கிடை தொட்டுப் பாருங்கோ. குத்துறது தெரியிற இடம் கீழ இறங்கினால் நல்லம். மேல ஏறினால் உடனே எனக்குப் போன் அடியுங்கோ."

நான் பயணம் முழுவதும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டியதும் ஒரு குத்து. பெரிய வீதி ஏறியதும் ஒரு குத்து. "மாமா, குத்தினது காணும், என்னைச் சல்லடை ஆக்கப்போறீங்கள்" என்றான் சப்ரி. சிரித்தேன், பிறகு வெளியே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோடு மேலே ஏறவில்லை. ஏறவில்லை என்பதே எனக்குப் பெரிய அருளாக இருந்தது. மறுபடியும் உன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் நிற்பது போலத்தான் இருந்தது, மச்சான். நீ கீழே, நான் மேலே.

பெட்டிக்குள் அவனோடு ஒரு நேவிக்காரப் பெடியனும் போனான். சின்னக் கண்ணாடி யன்னலால் நான் பார்த்தேன். கதவைப் பூட்டிய பிறகு உள்ளேயிருப்பவன் நினைத்தாலும் சட்டென்று வெளியே வர முடியாது. அது தெரிந்தே உள்ளே போய், உன் மகனின் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இருந்தான். எந்தச் சீருடைக்குப் பயந்து நாங்கள் பொய் சொன்னோமோ அதே சீருடை. அந்தப் பயத்தையும் இந்த நன்றியையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் காற்று ஏற ஏற, சப்ரி வலது காலின் சின்ன விரலை ஆட்டினான். அந்தப் பெடியன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. பல நாள் உள்ளே போட்டு எடுத்தார்கள். கோடு தொப்புளுக்குக் கீழே இறங்கியது, பிறகு தொடைக்கு, பிறகு முழங்காலுக்கு. பிறகு ஆறுதலாகப் பெரியாஸ்பத்திரியில் முதுகை ஸ்கானும் எடுத்தார்கள். படம் சுத்தமாக வந்தது. ஒன்றுமே தெரியவில்லை! அன்று அந்தப் படத்துக்காகக் காத்திருந்து, ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தால்?

நான் வாய் திறந்ததற்குக் கூலியும் கிடைத்தது. எங்கள் கரையின் பாஸை நிறுத்தினார்கள். பள்ளிவாசலில் என் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. ஜெஸீமாவுக்குக் கடையில் கடன் கொடுக்கவில்லை. பிறகு விசாரித்து, கண்டித்து, பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் காதர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் கையில் ஒரு கொடுவா மீனோடு வந்தார். கதிரையில் இருந்து, சப்ரி சுவரைப் பிடித்து நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "அந்த நரம்பு டொக்டர் அடுத்து எப்ப வாறா? எனக்குக் கை நடுங்குது, ஒருக்காக் காட்ட வேணும்" என்றார்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு ஸ்கான் எடுப்பா என்று காதர் புதுச் சாரம் உடுத்து வந்திருந்தார். அவ ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னா, நடக்கச் சொன்னா, அவருக்கு நெடுநாளாக இருக்கிற மூச்சிழுப்புக்கு என்ன குளிசை போடுகிறார் என்று கேட்டா. அந்தக் குளிசைதான் கையை ஆட்டுகிறதாம். அதை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டா. படம் இல்லை, ஊசி இல்லை. காதருக்குப் பெரிய ஏமாற்றம். நடுக்கம் குறைந்துவிட்டது, ஏமாற்றம்தான் இன்னும் போகவில்லை.

அன்று காதர் வெளியே போன பிறகு, நெஞ்சில் கிடந்ததை அவவிடம் கேட்டுவிட்டேன். உன் கதை முழுவதையும் சொல்லி, "அப்ப நீங்கள் அவரைப் பாத்திருந்தால் அவர் எழும்பி நடந்திருப்பாரோ, டொக்டர்?" என்றேன். ஓம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லி என்னை ஆற்றியிருக்கலாம். அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தெரியாது, ஐயா. நான் அவரைத் தொட்டுப் பாக்கேல்லை. தொட்டுப் பாக்காத ஆளுக்கு நான் முடிவு சொல்ல மாட்டன்" என்றா. எனக்கு அழுகை வந்தது. நீ போன பிறகு உன்னைப் பற்றி எல்லோரும் ஏதாவது ஒரு முடிவு சொல்லியிருக்கிறார்கள், மச்சான். விதி என்றார்கள், வாதம் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். உன்னை உனக்கே விட்டுவைத்தவ அவ ஒருத்திதான்.

சப்ரிக்கு இனிச் சிலிண்டர் கிடையாது என்று சொல்லிவிட்டா. அந்த ஒரு விசயத்தில் அவ யோசிக்கக்கூட இல்லை. அவன் முறைத்தான். நீயாக இருந்தாலும் முறைத்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை நான் உன் தலைமாட்டில் இருந்துதான் எழுதி முடிக்கிறேன். நேற்று பஸ் ஏறிப் புத்தளம் வந்தோம், ஜெஸீமாவும் சப்ரியும் நானும். உன்னை அடக்கிய இந்த மையவாடி வாசலில் நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன், அவன் தட்டிவிட்டான். தனியாகவே நடந்து வந்தான். மணலில் அவன் தடம் கிடக்கிறது, இடது கால் நன்றாகப் பதிந்தும், வலது கால் கொஞ்சம் இழுபட்டும். ஜெஸீமா வெளியே மதிலோரம் நின்று அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இங்கேயிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். அவன் எந்தக் கடலில் எந்தப் படகில் நின்றாலும் நான் மேலே நிற்பேன். அவனுக்கு ஒன்று என்றால், யார் கையைப் பிடித்து இறுக்கினாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீ நிம்மதியாகப் படு. கயிறு என் கையில்தான் இருக்கிறது.

உன் தங்கமான பொண்டாட்டியின் அண்ணன்,
உன் மகனின் மாமன்,
உன் கயிறு பிடித்த மச்சான்
ஜவாஹிர்